சம்பளப் பட்டியலும் கௌரவப் பட்டியலும்

ரமளான் மாதம் பதினேழாம் நாள் பத்ரு ஸஹாபாக்களின் திருநாமங்களை ஓதுவது தமிழகத்து முஸ்லிம் ஊர்கள் பலவற்றில் நெடுங்கால வழக்கம். ஓதுபவர் ஒவ்வொரு பெயராக நிறுத்தி ஓதுவார். கூடியிருப்போர் ஒவ்வொரு பெயருக்கும் 'ரலியல்லாஹு அன்ஹு' என்பர். 313 பெயர்கள் எனப் பொதுவாகக் கூறப்படும் அந்தப் பட்டியலில் குறைஷிக் குலத் தலைவர்களும் உண்டு; மதீனாவின் தோட்டக்காரர்களும் உண்டு. அப்போரில் முதலில் ஷஹீதானவர் என்று கூறப்படும் மிஹ்ஜஃ (ரலி) அவர்கள் ஒரு விடுதலை பெற்ற அடிமை. பெருந்தலைவர்களின் பெயருக்கு எத்தனை மரியாதையோ, அத்தனை மரியாதை அவர் பெயருக்கும் கிடைக்கிறது.

சிறு பிள்ளைகளாக இருந்தபோது, இத்தனை பெயர்களை ஏன் ஒவ்வொன்றாக ஓதவேண்டும், 'பத்ருப் போரில் கலந்துகொண்ட அனைவரும்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாகாதா என்று நம்மில் பலர் எண்ணியிருப்போம். வயது ஏற ஏறத்தான் விடை விளங்குகிறது. 'அனைவரும்' என்ற சொல்லில் எவரும் இல்லை. பெயரில்தான் மனிதன் இருக்கிறான்.

இந்த எண்ணத்தை மனத்தில் இருத்திக்கொண்டு, இருபதாம் நூற்றாண்டின் இரு பெரும் போர்களில் இரயில்வேத் தொழிலாளர் பெற்ற நினைவுச் சின்னங்களின் வரலாற்றைச் சிறிது பார்ப்போம். அதில் சிலருக்குப் பெயர் கிடைத்தது. சிலருக்கு எண் கிடைத்தது. பலருக்கு எதுவுமே கிடைக்கவில்லை.

கடிதம் படிக்கும் சிப்பாய்

இலண்டன் மாநகரின் பாடிங்டன் இரயில் நிலையத்தில், முதலாம் மேடையின் சுவரையொட்டி ஒரு வெண்கலச் சிலை நிற்கிறது. போர்க்கோலத்தில் ஒரு சிப்பாய். ஆனால் அவன் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு நிற்கவில்லை. தோளில் தடித்த மேலங்கி தொங்க, கழுத்தில் கம்பளித் துண்டு சுற்றியிருக்க, தலைகுனிந்து வீட்டிலிருந்து வந்த கடிதம் ஒன்றைப் படித்துக்கொண்டிருக்கிறான். இதை வடித்த சார்ல்ஸ் சார்ஜண்ட் ஜாகர் தாமே முதல் உலகப் போரில் பணியாற்றிக் காயமுற்றவர். கிரேட் வெஸ்டர்ன் இரயில்வே நிறுவனத்தின் ஊழியர்களுக்கான இந்தச் சின்னம் 1922-ஆம் ஆண்டு நவம்பர் 11-ஆம் நாள், போர்நிறுத்த நினைவு நாளில் திறக்கப்பட்டது. அந்நிறுவனத்திலிருந்து 25,479 பேர் போருக்குச் சென்றனர். 2,524 பேர் திரும்பவில்லை. மாண்டவர்களின் பெயர்கள் எழுதப்பட்ட சுருள் ஒன்று முத்திரையிட்ட பேழைக்குள் வைக்கப்பட்டுச் சிலையின் பீடத்தில் இடப்பட்டது.

இது ஒரு நிறுவனத்தின் கதைமட்டுமன்று. 1914 ஆகஸ்டில் பிரிட்டன் போரில் இறங்கியபோது அந்நாட்டு இரயில் பாதைகள் பல தனியார் நிறுவனங்களின் உடைமையாக இருந்தன. போர் தொடங்கியதும் அவை அரசின் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. படைகளையும் பீரங்கிகளையும் குதிரைகளையும் துறைமுகங்களுக்குக் கொண்டுசெல்ல இரயில் வேண்டும். இரயிலை ஓட்ட ஆள் வேண்டும். ஆகவே இரயில்வே ஊழியர் படையில் சேர விரும்பினால் நிறுவனத்தின் இசைவைப் பெறவேண்டியிருந்தது. அவ்வாறிருந்தும் 184,475 பேர் படையில் சேர்ந்தனர். படைக்குச் செல்லும் வயதிலிருந்த இரயில்வே ஊழியரில் ஏறத்தாழப் பாதிப்பேர் இவர்கள். எஞ்சின் ஓட்டுநர், கரி அள்ளிப் போடுபவர், கைகாட்டிக் கூண்டில் இருப்பவர், தண்டவாளம் பார்க்கும் கேங்மேன், மூட்டை தூக்கும் போர்ட்டர், பட்டறைத் தொழிலாளி எனப் பலதரப்பட்டவர்கள் சென்றனர்.

போர் முடிந்த பின்னர், 1919 மே 14-ஆம் நாள், இலண்டன் புனித பவுல் பேராலயத்தில் மாண்ட இரயில்வே ஊழியர்களுக்கென ஒரு நினைவு வழிபாடு நடந்தது. மன்னர் ஐந்தாம் ஜார்ஜும் அதில் கலந்துகொண்டார். அன்று அச்சிட்டு வழங்கப்பட்ட ஏட்டில் 18,957 பெயர்கள் இருந்தன.

அதன்பின் நிறுவனங்கள் பலவும் நினைவுச் சின்னங்கள் எழுப்பின. யூஸ்டன் நிலையத்தின் முன்னுள்ள கல்தூண் 3,719 ஊழியருக்கானது. 1921 அக்டோபரில் திறக்கப்பட்டது. வாட்டர்லூ நிலையத்தின் நுழைவாயிலையே ஒரு வெற்றி வளைவாக அமைத்து, மாண்ட 585 பேரின் பெயர்களை அங்கே பொறித்தனர். அரசி மேரி அதை 1922 மார்ச் 21-ஆம் நாள் திறந்துவைத்தார். யார்க் நகரில் நார்த் ஈஸ்டர்ன் இரயில்வே எழுப்பிய சின்னத்தில் 2,236 பேரின் பெயர்கள். புதுடில்லியின் இந்தியா கேட்டை வடிவமைத்த அதே எட்வின் லட்யன்ஸ்தான் இதையும் வடிவமைத்தார். 1924 ஜூனில் அது திறக்கப்பட்டது.

அக்காலத்தில் சமுதாயத்தின் மேல்தட்டினர் ஏறெடுத்தும் பாராத எளிய தொழிலாளர் இவர்கள். மூட்டை தூக்கியவனின் பெயர் கல்லில் ஏறியதென்பது சிறிய செய்தியன்று. முந்தைய நூற்றாண்டுகளின் போர்ச் சின்னங்களில் தளபதிகளுக்கே பெரிதும் இடம் இருந்தது. சாதாரணச் சிப்பாயின் பெயர் அரிது.

பெயர்கள் எங்கிருந்து வந்தன?

இவ்வளவு பெயர்களும் பிழையின்றி எவ்வாறு திரட்டப்பட்டன? விடை மிக எளியது. இரயில்வே நிறுவனத்திடம் அவை ஏற்கனவே இருந்தன.

இரயில்வே என்பது கணக்கின்மேல் ஓடும் நிறுவனம். எவன் எந்த நிலையத்தில் எந்த வேலையில் எவ்வளவு சம்பளத்தில் இருக்கிறான் என்பது ஏட்டில் இருக்கும். அவன் படைக்குப் போனபோதும் அந்த ஏட்டிலிருந்து பெயர் அடிக்கப்படவில்லை. திரும்பிவந்தால் வேலை உண்டு என நிறுவனங்கள் வாக்களித்தன. போனவனின் மனைவி மக்களுக்கு உதவித்தொகையும் வழங்கின. உதவித்தொகை கொடுக்கவேண்டுமானால் அவன் உயிரோடிருக்கிறானா, எங்கே இருக்கிறான் என்பது தெரியவேண்டும். நிறுவனத்தின் மாத இதழில் மாண்டவர்களின் பெயர்கள், அவர்கள் பார்த்துவந்த வேலையுடனும் நிலையத்துடனும் மாதந்தோறும் வெளிவந்தன. போர் முடிந்தபோது கல்தச்சனிடம் கொடுக்கவேண்டிய பட்டியல் ஆயத்தமாகவே இருந்தது.

ஆகவே கௌரவப் பட்டியல் என்பது சம்பளப் பட்டியலின் கடைசிப் பக்கம் என்று கூறினால் அது மிகையாகாது. உயிரோடிருந்தபோது எவனுடைய பெயர் கணக்கில் இருந்ததோ, அவனுடைய பெயரே இறந்தபின் கல்லிலும் ஏறியது.

பட்டியல் இல்லாமற்போனால் என்ன ஆகும் என்பதற்கும் அதே போர்க்காலத்தில் ஒரு சான்று உண்டு. 1915 மே 22-ஆம் நாள் காலை, ஸ்காட்லாந்தின் எல்லையருகே குவிண்டின்ஸ்ஹில் என்னுமிடத்தில், துருக்கியரை எதிர்த்துக் கல்லிப்போலிக்குச் செல்லவிருந்த படையினரை ஏற்றிவந்த இரயில் நின்றிருந்த ஒரு வண்டியின்மேல் மோதியது. அந்த இடிபாட்டின்மேல் விரைவு வண்டி ஒன்று வந்து மோதித் தீப்பற்றியது. 200-க்கு மேற்பட்டோர் மாண்டனர். அப்படைப்பிரிவின் பெயர்ப் பட்டியலும் அந்தத் தீயில் எரிந்துபோயிற்று. விளைவு, மாண்டவர்களின் துல்லியமான எண்ணிக்கையை இன்றுவரை அறுதியிட்டுக் கூற முடியவில்லை. இத்தனைக்கும் அது போர்க்களமன்று. சொந்த நாட்டின் நடுவில், பட்டப்பகலில் நடந்த விபத்து.

உமர் (ரலி) அவர்களின் திவான்

சம்பளப் பட்டியலும் கௌரவப் பட்டியலும் ஒன்றே என்பதை இஸ்லாமிய வரலாறு மிக முன்னரே கண்டிருக்கிறது. இரண்டாம் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஏற்படுத்திய 'திவான்' என்னும் பதிவேட்டைத்தான் குறிப்பிடுகிறேன். அது ஹிஜ்ரி 15-இல் தொடங்கியது என்பாரும், 20-இல் தொடங்கியது என்பாரும் உண்டு.

பொதுநிதியிலிருந்து யாருக்கு எவ்வளவு வழங்குவது என்பதற்காக ஏற்பட்டது அந்த ஏடு. குலவரலாறு அறிந்த அகீல் இப்னு அபீதாலிப், மக்ரமா இப்னு நவ்ஃபல், ஜுபைர் இப்னு முத்இம் (ரலி) ஆகிய மூவரிடமும் எழுதும் பணி ஒப்படைக்கப்பட்டது. அபூபக்ர் (ரலி) அவர்களின் குலத்தை அடுத்து உமர் (ரலி) அவர்களின் குலத்தை வைத்து அவர்கள் எழுதிவந்தபோது, கலீஃபா அதை ஏற்கவில்லை. அண்ணல் நபி (ஸல்) அவர்களின் உறவினரிலிருந்து தொடங்குமாறும், தம்மை உரிய இடத்தில் பின்னால் வைக்குமாறும் பணித்தார்கள். பத்ருப் போரில் கலந்துகொண்டவர்களுக்கு ஆண்டுக்கு 5,000 திர்ஹம் எனக் குறிக்கப்பட்டது. தியாகத்தில் யார் முந்தியவரோ அவர் பட்டியலில் முந்தினார். பணம் வழங்கும் ஏடே மதிப்பை அளக்கும் ஏடாகவும் ஆயிற்று.

பால்குடி மறந்த குழந்தைகளுக்கே உதவித்தொகை என்றிருந்த விதியை, இரவில் ஒரு குழந்தையின் அழுகுரல் கேட்டுக் காரணம் அறிந்தபின், பிறந்த நாள்முதலே உண்டு என மாற்றிய வரலாறு நம் வீடுகளில் அடிக்கடி சொல்லப்படுவது. தாயின் மடியிலிருந்த குழந்தையின் பெயரும் அரசின் ஏட்டில் ஏறியது என்பதே அதன் பொருள். யாரையும் விட்டுவிடக் கூடாது என்ற கவலை அந்த ஆட்சிக்கு இருந்தது.

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு, இரயில் பாதையில் உயிர்விட்ட மற்றவர்களின் கதைக்கு வருவோம்.

பஸ்ராவில் எண்ணிக்கை

முதல் உலகப் போரில் ஈராக் களத்தில் பிரிட்டன் நடத்திய போர் பெரும்பாலும் இந்தியரின் தோள்மேல் நடந்தது. சென்னை மாகாணத்து வீரர்கள் நிறைந்த மதராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவும் அங்கே பணியாற்றியது. பஸ்ராவிலிருந்து உள்நாட்டுக்கு இரயில் பாதைகள் போடப்பட்டபோது, தண்டவாளங்களும் எஞ்சின்களும் வண்டிகளும் இந்தியாவிலிருந்து சென்றன. அவற்றோடு இந்திய ஊழியரும் தொழிலாளரும் சென்றனர்.

அக்களத்தில் மாண்டு, அடக்கத்தலம் அறியப்படாத 40,000-க்கு மேற்பட்டோருக்காகப் பஸ்ராவில் 1929-ஆம் ஆண்டு ஒரு நினைவுச் சின்னம் திறக்கப்பட்டது. அதில் பிரிட்டிஷ் வீரர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாகப் பொறிக்கப்பட்டன. இந்தியருள் அதிகாரிகளின் பெயர்கள்மட்டும் பொறிக்கப்பட்டன. ஏனைய இந்தியச் சிப்பாய்கள், இன்ன படைப்பிரிவைச் சேர்ந்த இத்தனை பேர் என எண்ணிக்கையாக மட்டுமே குறிக்கப்பட்டனர். அதே போரில், அதே அரசுக்காக மாண்டவர்கள்; ஒருவருக்குப் பெயர், ஒருவருக்கு எண்.

இது நெடுங்காலம் பேசப்படாமலே இருந்தது. 2021 ஏப்ரலில்தான், போர்க் கல்லறைகளைப் பராமரிக்கும் காமன்வெல்த் ஆணையம் நியமித்த குழு தன் அறிக்கையில் உண்மையை ஒப்புக்கொண்டது. முதல் உலகப் போரில் மாண்டவர்களுள் ஆப்பிரிக்க, ஆசிய நாட்டினர் குறைந்தது 116,000 பேர், ஒருவேளை 350,000 பேர்வரை, பெயரால் நினைவுகூரப்படவில்லை அல்லது நினைவுகூரப்படவே இல்லை என்று அது கூறியது. ஆணையம் வருத்தமும் தெரிவித்தது. இரு எண்களுக்கும் உள்ள இடைவெளியை வாசகர்கள் கவனிக்கவேண்டும். அந்த இடைவெளியில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமான மனிதர்கள் இருக்கின்றனர்.

பெயரில்லாத பாதை

இரண்டாம் உலகப் போரில் இந்த வேறுபாடு இன்னும் கொடிய உருவில் தோன்றியது. அதற்குத் தமிழர்க்கு நேரான தொடர்பு உண்டு.

1942-இல் மலாயாவையும் பர்மாவையும் கைப்பற்றிய ஜப்பானியர், கடல்வழி ஆபத்தானது என்பதால் தாய்லாந்திலிருந்து பர்மாவுக்குக் காட்டுவழியே 415 கிலோமீட்டர் நீளமான இரயில் பாதை ஒன்றைப் போட்டனர். 1943 அக்டோபரில் இருபுறமும் வந்த தண்டவாளங்கள் இணைந்தன. அதற்காக உழைத்தவர்கள் இரு வகையினர். ஒரு வகையினர் போர்க்கைதிகளான பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சு, அமெரிக்கச் சிப்பாய்கள். ஏறத்தாழ 60,000 பேர். மற்றொரு வகையினர் ஆசியத் தொழிலாளர். பர்மியர், ஜாவாவினர், மலாய்க்காரர், சீனர், மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் என இவர்களின் தொகை இரண்டு லட்சத்தை எட்டியிருக்கும் என்பர். மலாயாவிலிருந்து மட்டும் 70,000-க்கு மேற்பட்டோர் சென்றனர் என்பது பொதுவான மதிப்பீடு. மூன்று மாத வேலை, நல்ல கூலி என்ற பேச்சை நம்பிச் சென்றவர்களும் உண்டு. இலவசத் திரைப்படம் என்று அழைத்து, வந்தவர்களை வண்டியில் ஏற்றி அனுப்பிய நிகழ்ச்சிகளைத் தப்பி வந்தவர்கள் பின்னர் நினைவுகூர்ந்துள்ளனர்.

1943-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் காலராவும் பட்டினியும் மலேரியாவும் அந்தப் பாதையில் ஆட்களை வாரிக்கொண்டு போயின. போர்க்கைதிகளில் 12,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆசியத் தொழிலாளரில் மாண்டோர் 90,000 இருக்கலாம் என்பர் சிலர்; குறைவாகவும் கூடுதலாகவும் மதிப்பிடுவோர் உண்டு.

இங்கேதான் நம் கேள்விக்கு விடை கிடைக்கிறது. போர்க்கைதிகளும் அதே காட்டில், அதே பட்டினியில் கிடந்தவர்கள்தாம். ஆனால் அவர்களிடையே அதிகாரிகள் இருந்தனர், மருத்துவர் இருந்தனர், எழுத்தறிந்தவர் இருந்தனர். இன்ன நாளில், இன்ன நோயால், இன்னார் இறந்தார், இன்ன இடத்தில் அடக்கப்பட்டார் என்ற குறிப்புகளை ஜப்பானியக் காவலரின் கண்ணில் படாமல் எழுதி ஒளித்துவைத்தனர். போர் முடிந்த சில வாரங்களில், 1945-இல், ஒரு தேடுதல் குழு அக்குறிப்புகளோடு அந்தப் பாதை நெடுகிலும் சென்று 144 அடக்கத்தலங்களில் 10,000-க்கு மேற்பட்ட கல்லறைகளைக் கண்டெடுத்தது. இன்று காஞ்சனபுரியிலுள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 பேர் ஒழுங்கான வரிசைகளில் அடங்கியிருக்கின்றனர். ஒவ்வொரு தலைமாட்டிலும் ஒரு பலகை. அடையாளம் தெரிந்த ஒவ்வொருவருக்கும் பலகையில் பெயர்.

தமிழ்த் தொழிலாளிக்கு என்ன இருந்தது? தோட்டத்தில் அவன் இருந்தவரை அவன் பெயரும் ஓர் ஏட்டில் இருந்தது. விடியற்காலைப் பெரட்டில் கூப்பிட, செக்ரோல் என்னும் அந்த ஏட்டில் அவன் பெயருக்கு நேரே நாள்கூலி குறிக்கப்பட்டது. காட்டுப் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட நாளில் அந்த ஏட்டிலிருந்து அவன் விழுந்துவிட்டான். புதிய இடத்தில் அவனுக்காக எழுதுகோல் எடுப்பார் எவருமில்லை. அவன் இறந்தபோது உடன் இருந்தவர்கள் அவன் பெயரை அறிந்திருந்தனர். அடுத்த வாரம் அவர்களும் இறந்தனர்.

பாதையைக் கட்டுவித்த ஜப்பானியப் படையினரே 1944-இல் காஞ்சனபுரியில் ஒரு நினைவுத்தூண் எழுப்பினர். அதன் பல மொழி வாசகங்களில் தமிழும் ஒன்று. மொழிக்கு இடம் கிடைத்தது, பெயருக்குக் கிடைக்கவில்லை. எண்பது ஆண்டுகள் கடந்தபின், 2023 மே முதல் நாள், தமிழர்களின் முயற்சியால் காஞ்சனபுரியில் ஒரு நடுகல் நாட்டப்பட்டது. மாண்ட வீரனுக்குக் கல் நடும் முறையைத் தொல்காப்பியம் படிப்படியாகக் கூறுகிறது. கல்லில் வீரனின் பெயரைப் பொறிப்பதும் பழந்தமிழர் வழக்கம். இந்தக் கல் நடப்பட்டதற்கு நன்றி கூறவேண்டும். ஆனால் அதில் பொறிக்கப் பெயர்ப் பட்டியல் எவரிடமும் இல்லை.

பாடிங்டனில் 2,524 என்று நறுக்காக நிற்கிறது கணக்கு. தாய்லாந்துக் காட்டில் 'ஏறத்தாழ' என்ற சொல்லோடு பல்லாயிரம் நிற்கிறது. முன்னவர் செய்த தியாகம் பெரிது, பின்னவர் பட்ட துன்பம் சிறிது என்பதால் இந்த வேறுபாடு வரவில்லை. முன்னவர் பெயரை யாரோ ஒருவர் எழுதிவைத்தார்.

அல்லாஹ் அறிவான், நாம்?

ஹிஜ்ரி 21-இல் நிஹாவந்த் போரில் முஸ்லிம்கள் வெற்றி பெற்றனர். தளபதி நுஃமான் இப்னு முகர்ரின் (ரலி) அவர்கள் ஷஹீதானார்கள். செய்தி கொண்டு மதீனாவுக்கு வந்தவர் கலீஃபா உமர் (ரலி) அவர்களிடம் தளபதியின் பெயரையும் பிறர் சிலர் பெயரையும் கூறி, தாங்கள் அறியாத இன்னும் பலரும் உயிர்நீத்தனர் என்று முடித்தார். அதைக் கேட்டுக் கலீஃபா அழுதார்கள். உமர் அவர்களை அறியாததால் அவர்களுக்கு என்ன குறை, அல்லாஹ் அவர்களை அறிவான் என்ற கருத்தில் அவர்கள் மறுமொழி கூறியதாக வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர்.

காட்டுப் பாதையில் மாண்டவர்களுக்கும் இதைவிடப் பெரிய ஆறுதல் கிடையாது. படைத்தவனுடைய ஏட்டில் எவர் பெயரும் விடுபடுவதில்லை.

ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்க்கவேண்டும். அல்லாஹ் அறிவான் என்று கூறிய அதே உமர் (ரலி) அவர்கள்தாம் திவானை எழுதவைத்தார்கள். இறைவன் அறிவான் என்பது அவர்களுக்கு, நாம் எழுதவேண்டியதில்லை என்பதற்கு ஒரு சாக்காக அமையவில்லை. அறியப்படாதவர்களுக்காக அழுத கண்களே, பிறந்த குழந்தையும் ஏட்டில் விடுபடக் கூடாது என்று விழித்திருந்தன.

நம் சமுதாயம் கடல் கடந்து சென்ற சமுதாயம். நாகூரிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கடையநல்லூரிலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்கள் பலர். 1942-இல் மலாயாவிலிருந்து கடிதப் போக்குவரத்து நின்றது. போர் முடிந்தபின் சில வீடுகளுக்கு ஆள் திரும்பினார். சில வீடுகளுக்குக் கடிதம் திரும்பியது. சில வீடுகளுக்கு எதுவும் திரும்பவில்லை. 'சபுராளி போனவர் போனதுதான்' என்று பாட்டிமார் சொல்லிக் கேட்டிருக்கிறோம். அவர் பெயர் என்ன, எந்த ஊரில் என்ன வேலை பார்த்தார், கடைசிக் கடிதம் எப்போது வந்தது என்று கேட்டு எழுதிவைத்தவர் நம்மில் எத்தனை பேர்?

இரயில்வே நிறுவனத்திடம் சம்பளப் பட்டியல் இருந்தது, கல் நட்டது. நம்மிடம் இருப்பது வீட்டிலுள்ள முதியோரின் நினைவு. அது எரிந்துபோகும் ஏடு. அது அணைவதற்குமுன், இந்த ரமளானிலாவது, பத்ரு ஸஹாபாக்களின் திருநாமங்களை ஓதி முடித்த கையோடு ஒரு தாளை எடுத்து, நம் குடும்பத்தில் திரும்பி வராதவரின் பெயரை அதில் எழுதுவோம்.